ஏரியில் விழாதவள்

வல்லம்
17-11-1991

ஆவடியில் இருக்கும் ஜெபகுமாருக்கு, உன் மாமன் சின்னப்பையன் சொல்லச் சொல்ல என் மருமகள் அம்சவல்லி எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்று எழுதுவாய், எனக்கு இன்னும் எரியும்.

நீ அனுப்பிய தீபாவளி மலர் வந்து சேர்ந்தது. "என் கதை வந்திருக்கிறது, அம்சவல்லி அக்கா தெருவுக்கே படித்துக் காட்டட்டும்" என்று உள்ளே ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தாய். தீபாவளி மழையில் இந்தத் தெருவின் வழக்கம் உனக்குத் தெரியும். எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கடலை உரித்துக்கொண்டு கேட்போம். உன் பெரியம்மா செங்கமலம் எப்போதும் விளக்குக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். அன்றைக்கும் உட்கார்ந்தாள். தன் தங்கச்சி ஞானம்மா பெற்ற பிள்ளை எழுதிய கதை என்று எதிர்வீட்டு லூர்தம்மாளையும் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

அம்சவல்லி படித்தாள். ஓர் ஊரில் கூத்து நடக்கிறது என்று வந்தது. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி முன்வரிசையில் பாய் போட்டிருக்கிறாள் என்று வந்தது. ஆர்மோனியப் பெட்டிக்காரன் அவளையே பார்த்து வாசிக்கிறான் என்று வந்தது. கடலை உரிக்கிற சத்தம் நின்றுபோனது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூத்துக்காரர் வண்டி கிளம்பும்போது அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு அதில் ஏறுகிறாள் என்று படித்ததும் அம்சவல்லி மலரை மடக்கி வைத்தாள். "கண்ணு எரியுது மாமா, மிச்சத்த நாளைக்குப் படிக்கிறேன்" என்றாள். செங்கமலம் மடியில் இருந்த தோலை உதறிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அடேய், பேரை மாற்றினால் ஆள் மாறிவிடுமா?

உன் அம்மாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின வருஷம் அது. செங்கமலம் போனாள். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். வந்த அன்றைக்கு லேசான தூறல். லூர்தம்மாளின் மாமியார் ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் போனாள். கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, அது வரைக்கும் எனக்கு நினைவில் இருக்கிறது. அடுத்த கூத்துக்குச் செங்கமலம் பழைய இடத்திலேயே பாய் போட்டாள். அன்றைக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை, இந்த முப்பது வருஷத்திலும் திறக்கவில்லை. தெரியாமலா? தெரிந்துதான். அதற்குப் பேர் மரியாதை. அதை நீ அச்சுப் போட்டுப் பெட்டிக்கடையில் தொங்கவிட்டிருக்கிறாய்.

இப்போது கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் கேட்கிறார்கள்: "ஆயா, கதையில வர்றது நீயா?" அதிலிருந்து அவள் தெருப் பக்கம் வருவதில்லை. பெரும்புதூர் டாக்கீஸில் படம் மாறினால் தரை டிக்கெட்டுக்கு முதல் ஆளாக நிற்கிறவள். இரண்டு படம் வந்து போய்விட்டது. வாடி போகலாம் என்று கூப்பிட்டேன். "தல வலிக்குது" என்கிறாள். அவளுக்குத் தலை வலித்து நான் பார்த்ததே இல்லை.

கோடையில் வைக்க வேண்டிய கூத்து இந்த வருஷம் நின்றுபோனது. மே மாதம் பெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு கூட்டம் கூட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? அதையும் சேர்த்துக் கிறிஸ்துமஸ் லீவில் மூன்று நாள் ஆட்டம் வைத்திருக்கிறோம். முதல் நாள் கோயில் பிள்ளைகள் நாடகம், மறுநாள் கூத்து, மூன்றாம் நாள் திரை கட்டிப் படம். "எனக்கு எடம் புடிக்காத, நான் வரல" என்று செங்கமலம் சொல்லிவிட்டாள். நீ வர வேண்டும். வந்து, அது பொய் என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அவள் பழையபடி முன்னால் வந்து உட்கார வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

சின்னப்பையன்


ஆவடி
24-11-1991

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வந்தது.

நான் பெயரை மட்டும் மாற்றவில்லை. ஊரையும் செய்யாறு பக்கம் கொண்டுபோய் வைத்தேன். ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கதாசிரியன் மீது வழக்குத் தொடுப்பது எந்த ஊர் நியாயம்? மீதியை நானே சொல்கிறேன். அந்தப் பெண் திரும்பி வருகிறாள். ஊர் கதவைச் சாத்துகிறது. அவள் ஏரியில் இறங்கிவிடுகிறாள். மறுவருஷம் கூத்து நடக்கும்போது முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. இவ்வளவுதான். இதில் பெரியம்மாவை எங்கே கேவலப்படுத்தினேன்? ஊரைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன். மதுரையிலிருந்து ஒரு தலைமையாசிரியை, படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார்.

பத்து வருஷமாக எழுதுகிறேன், மாமா. ஆபீஸில் டிபன் நேரத்தில் எழுதி, திரும்பி வந்ததைக் கிழித்துப் போட்டு, மறுபடி எழுதி. இப்போதுதான் ஒரு மலரில் என் பெயர் வந்திருக்கிறது. சொந்தத்தில் ஒருவர்கூட "நல்லா எழுதிகீற" என்று சொல்லவில்லை. திரையில் யாரோ ஒருத்தி விம்மினால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறவர் நீங்கள். என் கதைக்கு ஏன் அழக்கூடாது?

பொய் என்று சொல்ல வேண்டும் என்கிறீர்கள். நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. நான் எப்படிப் பொய் என்பது?

ஜெபகுமார்


வல்லம்
2-12-1991

ஜெபகுமாருக்கு,

திரையில் அழுகிறவள் எனக்குத் தங்கச்சி இல்லை. அவள் அழுது முடித்ததும் விளக்குப் போடுவார்கள், நான் முறுக்கு வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வருவேன். செங்கமலத்துக்கு விளக்குப் போடுகிறவன் யார்?

ஊர் கதவைச் சாத்தியதாமே? எந்தக் கதவுடா? இதைக் கேட்டதிலிருந்து லூர்தம்மாள் உன்னைத் தேடுகிறாள். "அந்தப் புள்ள வரட்டும், எங்க வூட்டுக் கதவுக்கு தாப்பாளே கெடையாதுன்னு காட்டறேன்" என்கிறாள்.

உனக்கு ஆறு வயசில் வெள்ளரித் தோட்டத்துப் பக்கம் கூத்து. பனி கொட்டியது. உன் அம்மா கைப்பிள்ளையோடு வீட்டில் இருந்துவிட்டாள். செங்கமலம்தான் உன்னைத் தன் முந்தானையில் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டாள். "கட்டியங்காரன் வந்தா எழுப்பு பெரிம்மா" என்று சொல்லிவிட்டு நீ தூங்குவாய். ராஜா ராணி எல்லாம் உனக்கு வேண்டாம், கோமாளி மட்டும்தான் வேண்டும். ஒரு தடவை எழுப்ப மறந்ததற்கு அவள் தோளைக் கடித்து வைத்தாய். தழும்பு இல்லை, ஆனால் எந்தத் தோள் என்று சொல்வேன். இடது தோள். அந்த மடியில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதி விற்றிருக்கிறாய். தலைமையாசிரியைக்குச் சோறு இறங்கவில்லையாம்! செங்கமலத்துக்கு இறங்குகிறதா என்று ஒரு கார்டு போட்டுக் கேட்டாயா?

நேற்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் பாட்டுக் கச்சேரி. ஒலிபெருக்கி இங்கே வரைக்கும் கேட்டது. செங்கமலம் உள்ளே படுத்தபடி காலால் தாளம் போட்டாள். ஆசை விடவில்லை, பார். நான் எட்டிப் பார்த்ததும் காலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

நீ வருகிறாயா, இல்லையா?

சின்னப்பையன்

(மாமா சத்தம் போட்டதில் இரண்டு தடவை மை கொட்டிவிட்டது. கோபிக்காதே தம்பி. – அம்சவல்லி)


ஆவடி
13-12-1991

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டார். அதிலிருந்து ஒரு வாரமாக எனக்குச் சோறு தட்டில் விழுகிறது, பேச்சு விழவில்லை. நேற்றுத்தான் வாய் திறந்தார். "உங்கிட்ட சொன்னேன்டா. ஊருக்கா சொன்னேன்?" அவ்வளவுதான்.

26-ஆம் தேதி எனக்கு லீவு. வருகிறேன். ஆனால் பொய் சொல்ல வரவில்லை. பெரியம்மாவைத் தனியாகப் பார்த்து அந்தக் கதையின் முடிவை நானே படித்துக் காட்டப் போகிறேன். உங்களுக்குப் புரியாதது அவருக்குப் புரியும். உங்கள் எல்லோரையும்விடக் கதை கேட்கத் தெரிந்தவர் அவர்தான்.

ஜெபகுமார்


வல்லம்
18-12-1991

மருமகப்பிள்ளை ஜெபகுமாருக்கு,

வா. கோபத்தில் நானும் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

செங்கமலத்தையும் சம்மதிக்க வைத்துவிட்டேன். நீ வந்து அவள் பக்கத்தில் உட்காரப் போகிறாய் என்றதும் சரி என்றாள். உன் அம்மாவையும் கூட்டி வா என்றால், அக்கா முகத்தில் விழிக்கக் கூசி அவள் வர மாட்டாள், தெரியும். கூத்து ஏழு மணிக்கே ஆரம்பம். உனக்கு முன்வரிசையில் இடம். கட்டியங்காரன் வேஷம் குன்னவாக்கம் இராமச்சந்திரன். ஆவடிக்காரன் ஆகிவிட்டதால் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். கட்டியங்காரன் கூட்டத்தில் யாரைக் கிண்டல் செய்தாலும் அந்த ஆள் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். எழுந்து போகக்கூடாது. தாசில்தார் வந்தாலும் அதுதான் முறை.

சின்னப்பையன்


ஆவடி
27-12-1991

சின்னப்பையன் அவர்களுக்கு,

மாமா என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று மாலை நாலு மணிக்கு வந்தேன். நேராகப் பெரியம்மாவிடம் போனேன். முடிவைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போய்ப் புடவை மாற்றிக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது, அழுகையை அடக்குகிறார் என்று நினைத்தேன். உங்கள் கடிதங்களால் ஏற்பட்ட காயமெல்லாம் அந்தக் கணத்தில் ஆறிவிட்டது.

பிறகு என்னைக் கொண்டுபோய் முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். வெற்றிலை கொடுத்தீர்கள். உங்கள் கட்டியங்காரன் வந்தான். வந்தவன் ராஜாவைக் கூப்பிடவில்லை.

"பெட்டிக்காரரே!"

"இன்னாபா?"

"இந்த ஊருக்கு ஆவடியிலருந்து ஒரு புலவர் வந்துகீறாராம்."

"இன்னா பாடுவாரு?"

"பாட மாட்டாரு, எழுதுவாரு. அம்மா கதைய எழுதினா வூட்ல சோறு கெடைக்காதுன்னு பெரிம்மா கதைய எழுதினவரு!"

ஊரே சிரித்தது. சிறுபிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. நீங்கள் தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள். அதையும் தாங்கிக்கொண்டேன். முறை என்று நினைத்து நானும் பல்லைக் காட்டினேன். அவன் விடவில்லை.

"பெட்டிக்காரரே, இந்த ஊர்ல கண்ணக் கீழ வச்சிக்கினு வாசி. முப்பது வருசத்துக்கு முன்ன ஒருத்தரு நிமுந்து பாத்துட்டாராம். வரும்போது வண்டியில ஏழு பேரு, போவும்போது எட்டு பேரு!"

அப்போது பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் தலையைக் குனிந்தார்கள். பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எழுந்தேன். "ஓடறாரு புலவரு, புடி புடி!" என்று அவன் கத்தியது ஒரகடம் கூட்டுரோடு வரை என் முதுகில் கேட்டது. தாம்பரம் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தேன்.

நான் செய்யாறு என்று எழுதினேன். நீங்கள் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்ல வைத்தீர்கள். அந்த மரியாதை எங்கே போனது? இதைச் செய்த நீங்கள் எந்த வாயால் என்னைக் கேட்டீர்கள்?

இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

ஜெபகுமார்


வல்லம்
31-12-1991

ஜெபகுமாருக்கு,

எழுந்து போனாயே, அதுதான் உன் தப்பு. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் சொல்லும்படி ஆகியிருக்காது. எனக்குச் சொல்லவும் பிடிக்கவில்லை. அம்சவல்லியும் செங்கமலமும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டு, சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள்.

உன்னைப் பற்றிப் பேசச் சொல்லி இராமச்சந்திரனிடம் சொன்னது நான்தான். வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னேன். ஆனால் வண்டிப் பேச்சு அவனாகச் சேர்த்தது. ஊரே சிரித்ததும் அவனுக்கு வாய் கொள்ளவில்லை. அவன் வாய்க்கு ஒரு பூட்டும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

நீ போனதும் செங்கமலம் எழுந்தாள். கூத்தில் யாரும் எழக்கூடாது, அதுவும் பெண்பிள்ளை. பெட்டி நின்றது. மிருதங்கக்காரன் கையைத் தூக்கினவன் தூக்கினபடி இருந்தான். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"இராமச்சந்திரா, நீ சொன்னது சரிதான், ஆனா கம்மியா சொல்லிட்ட. எட்டாவது ஆளு நான்தான். எவனும் தூக்கிக்கினு போவல, எனக்குப் புடிச்சிதான் போனேன். எட்டு மாசம் இருந்தேன். ஆரணியில அவனுக்கு ஒரு பொண்டாட்டி கீறான்னு தெரிஞ்சிது, பஸ் ஏறி வந்துட்டேன். வந்த அன்னிக்கி இந்தத் தெருவுல மூணு வூட்டு சோறு துன்னேன். எந்த ஏரியிலயும் நான் எறங்கல. இதோ நிக்கிறேன் பாரு. பாத்தாச்சா? இனிமே ராசாவக் கூப்புடு, நேரமாவுது."

உட்கார்ந்துவிட்டாள். பின்னாலிருந்து லூர்தம்மாள் மட்டும் "அப்டி சொல்லுடி!" என்றாள். இராமச்சந்திரன் குல்லாவைக் கழற்றி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான். "ஆயா, எனக்கே வேலைக்கு உலை வச்சிட்டியே!" என்றான். அப்புறம் கூத்து நடந்தது. அவள் கடைசி வரைக்கும் பார்த்தாள். நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் கேட்டேன்: "ஏன்டி, முப்பது வருசம் நான் மூடிக் காத்ததை நீயே அவுத்துக் கொட்டிட்டியே?" அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று நான் சொல்ல மாட்டேன். அம்சவல்லி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைக் கேட்காமல் செங்கமலம் சொல்வதை எழுதுகிறாள்.

"ஜெபா, பெரிம்மா பேசறேன். உங்க மாமன் சொல்ற மாதிரி உன் கத கேட்டு நான் உள்ள போவல. பெட்டிக்காரன் நிமுந்து பாத்தான்னு வந்ததும் எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்புதான் வந்திச்சி. மேல இன்னா எழுதிகீறேன்னு கேக்க ஆசையா குந்திக்கினு இருந்தேன். இவங்கதான் யாரோ செத்த மாதிரி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினாங்க. அம்சவல்லி படிக்கிறத நிறுத்திட்டா. அந்த மூஞ்சிங்களப் பாக்கப் புடிக்காமதான் உள்ள போனேன். தல வலின்னேன். உங்க மாமன் தெனமும் வந்து இருமிக்கினே எட்டிப் பாப்பாரு. எனக்கு நெசமாவே தல வலிச்சிது.

நீ வந்து முடிவு படிச்ச. கேட்டேன். ஒரு தபா கேட்டுட்டு, தப்பாக் காதுல வுழுந்துதோன்னு இன்னொரு தபா படிக்கச் சொன்னேன். ரெண்டு தபாவும் என்னை ஏரியிலதான் தள்ளின. ஏன்டா, வண்டி ஏறிப் போனவ தண்ணியிலதான் வுழுவணுமா? வூட்டுக்கு வந்து சோறு துன்னக் கூடாதா? படத்துலயும் இதான், கூத்துலயும் இதான், அதெல்லாம் எவனோ எழுதினது. என் மடியில படுத்த நீயுமா? வேற யாரோ ஒருத்திய வச்சி எழுதினா எப்டி வேணா சாவடி. என்னை வச்சி எழுதினா உசுரோட வை. உன் தலையத் தடவினது கொஞ்சறதுக்கு இல்ல, குட்டலாமான்னு பாத்தேன். வளந்த புள்ளைன்னு வுட்டுட்டேன்."

இவ்வளவும் அவள் சொன்னது. நான் சொன்னதாக எண்ணாதே.

பொங்கலுக்குள் அந்த முடிவை மாற்றி எழுதி அனுப்ப வேண்டுமாம். பத்திரிகையில் வராவிட்டாலும் பரவாயில்லையாம், கையால் எழுதினால் போதுமாம். தெருவில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்பாளாம். நடுவில் நிறுத்தினால் கையை ஒடிப்பேன் என்று அம்சவல்லியிடம் சொல்லியிருக்கிறாள், இவளும் தலையை ஆட்டுகிறாள். பெட்டிக்காரன் மூக்கு எப்படி இருந்தது என்று நீ தப்பாக எழுதியிருக்கிறாயாம், அதையும் சொல்லித் தருகிறாளாம். நான் வேண்டாம் என்றேன். இந்த வீட்டில் என்னை யாரும் கேட்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. முடிவை எழுதி அனுப்பு.

மூன்றாம் நாள் ஏரிக்கரைக் களத்தில் திரை கட்டிப் படம் போட்டார்கள். ஐம்பது வருஷமாகப் படம் என்றால் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில்தான். அன்றைக்கும் போய் உட்காரப் போனேன். "அண்ணே, நீ பின்னால போ. உம்முன்னு இருக்கற உன் மூஞ்சப் பாத்துக்கினு என்னால படம் பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, என் இடத்தில் லூர்தம்மாளை உட்கார வைத்துக்கொண்டாள். பின்னால் போய் நின்றேன். எனக்கு முன்னால் கம்பெனிப் பையன்கள் சைக்கிள்மேல் ஏறி நின்றார்கள். எட்டி எட்டிப் பார்த்தும் பாதித் திரைதான் தெரிந்தது. முன்னால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எதற்குச் சிரித்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்வாளோ என்னவோ.

சின்னப்பையன்